கடைசிக் கவுண்டரின் பூட்டு

கடலூரில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்ட ஜவுளிக்கடையில் ஒரு பெண்ணுக்கு ராசியில்லாத கை என்று பேர் வைத்தார்கள். சுனாமிக்கு அடுத்த வருடத் தீபாவளி சீசன் அது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். காலையில் நல்ல நேரம் முடிவதற்குள் எல்லாக் கவுண்டரிலும் பில் திறந்துவிட வேண்டும். பட்டு, வேட்டி, குழந்தைச் சட்டை என்று ரகத்துக்கு ஒன்றாக வரிசையாக அடித்து, முடிக்காமல் அப்படியே விட்டுவைப்பார்கள். பில் நிறைந்து தொடங்கினால் வியாபாரமும் நிறையுமாம். அந்தப் பெண் காடாம்புலியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். எப்போதும் கடைசியாகத்தான் வந்து உட்காருவாள். அவள் பில்லை மட்டும் திரை ஏற்காது. இடம் மாற்றி உட்கார வைத்தார்கள். அங்கேயும் ஏற்கவில்லை.

"இந்தப் பொண்ணு கை பட்டாலே மெஷின் படுத்துக்குது. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடும்மா," என்றார் முதலாளி என்னிடம். அவள் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

"சொல்ல மாட்டேன் சார்," என்றேன். சிதம்பரத்திலிருந்து தினமும் நான் ரயிலேறி வந்தது ராசி பார்க்க அல்ல.

விஷயம் இவ்வளவுதான். பில்லில் ஏறும் ஒவ்வொரு உருப்படியையும் வேறு கவுண்டர் விற்றுவிடாதபடி சர்வரில் ஓடும் யூனிக்ஸ் பூட்டிவைக்கும். ஒரே சமயத்தில் எத்தனை பூட்டு போடலாம் என்று அதன் மையமான கெர்னலுக்குள் ஓர் உச்சவரம்பு உண்டு. கடை சின்னதாக இருந்த காலத்தில் வைத்த எண். கவுண்டர்கள் பெருகின, எண் அப்படியே கிடந்தது. எல்லோரும் பில்லை மூடாமல் விட்டால் பூட்டுகள் தீர்ந்துபோகும், கடைசியாக வருகிறவளுக்கு மிஞ்சாது.

இதைச் சொன்னதும் முதலாளி தலையை ஆட்டினார். நம்பவில்லை.

"எல்லாரும் பில்ல மூடுங்க," என்று கடைக்கே கேட்கும்படி கத்தினேன். "மொதல்ல இவ திறக்கட்டும். கடைசியா சார் திறக்கட்டும்."

அவர் கை ராசிக்கார கை என்று கடைத்தெருவே சொல்லும். நல்ல நேரமும் மிச்சமிருந்தது. மறுக்க வழியில்லாமல் தன் கல்லாக் கவுண்டரில் உட்கார்ந்தார். அவளுக்குப் பில் திறந்தது. மற்றவர்களும் வரிசையாகத் திறந்தார்கள். அவருக்குத் திறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, நான் அடக்கிக்கொள்ளவில்லை.

"செரி, அந்த நம்பர ஏத்து," என்றார் கடைசியில். எண்ணை ஏற்றினால் கெர்னலைத் திரும்பக் கட்டி, சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டும் என்றேன்.

"ஐயோ, ராகு காலம் வந்துடுச்சே! இப்ப நிறுத்தாதம்மா. கடை சாத்தனப்புறம் பாத்துக்கலாம்."

அதுவரை அவள் எந்த முகத்தோடு அங்கே நிற்பாள்? ராகு காலத்திலேயே நிறுத்தினேன். சர்வர் எழுந்து வரும்வரை முதலாளி சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தது. எல்லாக் கவுண்டரும் திறந்தன, அவளுடையதும், அவருடையதும்.

மறுநாள் அவர் இறங்கி வந்தார். "இனிமே மொத பில்லு நீயே போடும்மா," என்றார் அவளிடம்.

"வேணாங்க. நான் கடைசியாவேதான் போடுவேன்," என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்."

சொல்லிவிட்டு, மற்றவர்கள் திறந்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.