தெமோஸ்தெனெஸ் என்னை நொட்டாங்கை ஆக்கிய கதை

நான் வலக்கைக்காரன். சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது, ஆணி அடிப்பது, ஒருத்தன் கன்னத்தில் அறைவது எல்லாமே வலக்கையால்தான். ஆனால் எங்கள் ஊர் போக்கா சேக்காவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, சில்வானோ வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "எந்தச் சில்வானோ? நொட்டாங்கையா?" என்பார்கள். என் கல்யாணத்தில் பாதிரியார்கூடக் கையெழுத்துக்குப் பேனாவை என் இடது கையைத் தேடித்தான் நீட்டினார். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பெயரைச் சுமக்கிறேன். இதற்குக் காரணம் ஒரே ஆள். தெமோஸ்தெனெஸ் பாயானோ.

நேரில் அவனை "தெமோ அண்ணே" என்பேன். வயதில் மூத்தவன், வேறு வழியில்லை. எழுதும்போது அந்த மரியாதை எதற்கு?

அவன் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட எறிந்ததில்லை. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பையன் எல்லாம் பேஸ்பால் ஆடுவான். இவன் மட்டும் நிழலில் உட்கார்ந்து, யார் எப்படித் தப்பாக ஆடுகிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பானாம். அவன் அக்கா மிரேயாவே சொன்னது. வளர்ந்ததும் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடைபோடும் வேலை கிடைத்தது. ஆலையை மூடியதும் உள்ளூர் வானொலியில் போய் உட்கார்ந்தான். வேலை அதேதான். அங்கே கரும்பை எடைபோட்டான், இங்கே பந்தெறிகிறவர்களை. என்ன, அங்கே தராசு என்று ஒன்று இருந்தது.

குளிர்காலப் போட்டிகள் தொடங்கிவிட்டால் வியாழக்கிழமை சாயங்காலம் அவனுடைய நேரம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ஆட்டத்திலும் நம் ஆட்களில் யார் எறிகிறான், எதிராளிகளில் யார் எறிகிறான், எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று சொல்வான். செஞ்சோவின் மளிகைக் கடையில் வானொலிப் பெட்டியை வாசலில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். டோமினோ ஆடுகிறவர்கள் கட்டையைக் கவிழ்த்துவைத்துக் காது கொடுப்பார்கள். மறுநாள் காலையில் அவன் சொன்னதையே ஆளாளுக்குத் தான் யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிவார்கள். இந்த ஊரின் லட்சணம் அது.

பாராட்டு என்பதே அவன் வாயில் வராது. "இவன் பந்து ஐஸ் வண்டி மாதிரி. தூரத்துல வரும்போதே மணி கேக்கும், ஊரே கிண்ணத்தத் தூக்கிட்டு வந்து நிக்கும்" என்பான். ஊர் சிரிக்கும். அந்தப் பிட்சரின் அம்மாவும் எங்கேயோ ஒரு சமையலறையில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று ஒருத்தனும் நினைக்கமாட்டான்.

இத்தனைக்கும் மைதானத்துக்குள் அவனுக்கு அனுமதி இல்லை. எங்கள் நண்டுகள் அணியின் மேனேஜரைப் பற்றி ஒரு வியாழக்கிழமை அவன் பேசிய பேச்சில், வாயிற்காரனிடம் இவனை உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டார்கள். வேறொருவன் என்றால் போய் மன்னிப்புக் கேட்டிருப்பான். இவன் ஒரு காலி பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், இடது மூலைத் தகரச் சுவரில் இருந்த ஓட்டைக்கு எதிரே கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் மைதானத்தின் ஒரு மூலை தெரியும். பந்தெறிகிறவன் நிற்கும் மேடு தெரியாது, மட்டை தெரியாது. அதை வைத்துக்கொண்டு நாட்டின் பந்தெறிகிறவர்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுதினான்.

எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. நண்டுகளின் பிட்சர் ஒருவனுக்கு முழங்கை வீங்கிவிட, சனிக்கிழமை ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எதிரணி தலைநகர். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் இருக்கும் வாரத்தில் வலக்கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் இடக்கையால் மெதுவாக எறிந்துகொண்டிருப்பேன். முதுகுப் பிடிப்பு விடும். எங்களில் பல பேர் செய்வதுதான். நான் அதற்குப் போய் நின்ற இடம் அந்த இடது மூலை. சுவருக்கு அந்தப் பக்கம் பெயின்ட் டப்பாவில் இவன்.

வியாழக்கிழமை செஞ்சோ கடையில் வாய் நிறைய வறுத்த வாழைக்காயோடு நான் நிற்கும்போது பெட்டி பேசியது.

"சனிக்கிழமை நம்ம பக்கம் ஒரு புதுப் பையன். பேரு சில்வானோ. நொட்டாங்கை. அவன் எறியுற வேகத்துக்குப் பந்துக்குப் பதிலா கோழி முட்டையக் குடுத்தாலும் உடையாம போய்ச் சேரும். தலைநகர்க்காரனுங்க வலக்கை மட்டையா இறக்குனா போதும். மூணாவது இன்னிங்ஸ்ல பையன் அம்மாவத் தேடுவான்."

செஞ்சோ என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏண்டா, நீ நொட்டாங்கையா? சொல்லவே இல்ல?"

"நீதானடா என்கூடப் பத்து வருஷமா ஆடுற."

"ஆமா. ஆனா தெமோ அண்ணன் சொல்றாரே."

இதைத் தலைநகர அணியின் மேனேஜரும் கேட்டிருக்கிறான். என்னை எவனுக்கும் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. இடக்கைப் பந்து வலக்கை மட்டைக்காரனுக்கு நன்றாகக் கண்ணில் படும். அதனால் தன்னுடைய நல்ல நல்ல இடக்கை ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டு, ஆடுகிறவர்கள் பட்டியலை முழுக்க வலக்கையாக எழுதி நடுவரிடம் கொடுத்துவிட்டான். பிறகு நான் மேட்டில் ஏறி வலக்கையால் எறிந்தேன். அவர்கள் பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். மாற்றலாம் என்றால், வெளியே எடுத்தவனைத் திரும்ப இறக்க முடியாது, பெஞ்சே காலியாகிவிடும். என் வளைவுப் பந்து அந்த வலக்கை மட்டைகளை விட்டு விலகி விலகி ஓடியது. ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் நின்றேன். ஜெயித்தோம்.

அடுத்த வருஷம் என் தோள் போய்விட்டது. ஆக, நான் ஜெயித்தது அந்த ஓர் ஆட்டம்தான். அதற்குப் பிறகு பஞ்சர் கடை.

அதையும் அவன் எனக்கு விட்டுவைக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை கூச்சமே இல்லாமல் சொன்னான். "அந்தப் பையன் எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா? தலைநகர்க்காரன ஏமாத்தத்தான் நொட்டாங்கைன்னு சொன்னேன். ஜெயிச்சது யாரு? இந்த வாய்."

ஊர் அவனைத் தோளில் தூக்காத குறை. எனக்குப் பெயர் மட்டும் மிச்சமானது. நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணே, ஓட்டையில பாத்துத் தப்பாச் சொல்லிட்டீங்க. ஜெயிச்சது என் கை. அத வானொலியிலயே சொல்லிடுங்க."

"தம்பி, ஜெயிச்சியா இல்லையா?"

"ஜெயிச்சேன்."

"அப்ப நன்றி சொல்லிட்டுக் கெளம்பு."

அன்றிலிருந்து ஒவ்வொரு பருவமும் கேட்டேன். டயருக்குக் காற்றடிக்க என் கடைக்குத்தான் வருவான். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பல்லிளிப்பு. என் மனைவிக்கே சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை.

போன டிசம்பரில் ஆஸ்பத்திரியில் அவன் தொண்டையை அறுத்தார்கள். ஊரையே அளந்த வாய், ட்யூபில் காற்றுப் போவது மாதிரி உஸ் என்று ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து இறுதித் தொடர் வந்தது, நண்டுகளும் தலைநகரும். வானொலிக்காரர்கள் வேறு ஆள் தேடினார்கள். இவன் என் கடைக்கு வந்து டயர் அடுக்கில் உட்கார்ந்து, கிட்டே வா என்று விரலை ஆட்டினான்.

"என் பக்கத்துல நீ உக்காரு. நான் காதுல சொல்றத நீ மைக்ல சொல்லு."

"ஊர்ல வேற வாயே இல்லையா?"

"மத்தவனெல்லாம் மரியாதையாப் பேசிருவான். உன் குரல் துருப்பிடிச்ச கேட்டு மாதிரி இருக்கு. அதான் வேணும்."

"சரி. ஆனா கடைசியில என் விஷயத்தச் சொல்லணும். நான் வலக்கை, நீங்க பாத்தது தப்பு, ஆட்டம் என்னோடது. மூணும்."

கண்ணை மூடி யோசிப்பது மாதிரி நடித்தான். "சொல்றேன். நான் சொன்னபடியே நீயும் சொல்லணும். ஒரு சொல் கூடக்குறையக் கூடாது."

வியாழக்கிழமை உட்கார்ந்தோம். அவன் மூச்சு என் காதில் இருமல் மருந்து வாடையோடு ஊதியது. நான் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை நம்ம பிளாதிமிர். ஈரத் துணியப் பிழியுற மாதிரி உடம்ப முறுக்குறான், பந்து மட்டும் பிழியாத துணி மாதிரி வந்து விழுது. எதிர்ல அமெரிக்காக்காரன், மனசு பூரா கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போயிருச்சு, கைய மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான். அந்தக் கை நமக்குப் போதும். சனிக்கிழமை நம்ம கிழவன் புருதென்சியோ. பந்துக்கு முன்னால அவன் முட்டி சத்தம் போய்ச் சேருது. எதிர்ல அவங்க இடக்கைப் பையன், நல்லா எறிவான், ஆனா யாராவது முதல் பேஸ்ல நின்னா பேயப் பாத்த மாதிரி ஆயிடுவான். ஒருத்தனக் கொண்டுபோய் அங்க நிறுத்துங்கடா, போதும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கமும் தூங்குமூஞ்சிங்க. தலையணையோட வாங்க."

சொல்லச் சொல்ல என் வாய்க்கே அது பிடித்துப்போனது. அசிங்கம்தான்.

கடைசியில் காதில் மூச்சு நின்றது. திரும்பி அவனைப் பார்த்தேன். குனிந்து சொன்னான். பேசியபடி மூன்றையும் சொன்னான், ஒன்றைக்கூட முழுங்கவில்லை. நான் மைக்கில் சொன்னேன்.

"இன்னொரு விஷயம். சில்வானோ வலக்கைக்காரன். நான் பாத்தது தப்பு. அந்த ஆட்டத்த ஜெயிச்சது அவன் கை."

இருபது வருஷக் கனம் இறங்கியதாக நினைத்தேன். அவனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு செஞ்சோ கடைக்குப் போனேன். கடையே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"மைக் கெடைச்சதும் ஆளப் பாருடா" என்றான் செஞ்சோ. "தனக்குத் தானே மாலை போட்டுக்கிறான்."

"டேய், அது அவர் சொன்னதுடா. நான் வெறும் வாய்."

"குரல் உன்னோடது, நொட்டாங்கை. ஊமையா உக்காந்திருக்கவர் மேல பழி போடாத."

"அவரையே கேளு."

செஞ்சோ கேட்டான். "அண்ணே, நீங்களா சொன்னீங்க?"

தெமோஸ்தெனெஸ் அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தோளைக் குலுக்கிவிட்டு இருமினான். அவ்வளவுதான். துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டபோது துண்டுக்குள் சிரித்தான். எனக்கு மட்டும் தெரிந்தது.

தொடரில் தோற்றோம். அதற்கும் வசவு எனக்குத்தான். அவர் வாயால் சொல்லியிருந்தால் ராசியாக இருந்திருக்குமாம்.

அடுத்த மாதம் மிரேயா ஆள் அனுப்பினாள். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். கட்டிலில் காலி சாக்கு மாதிரி கிடந்தான். ஜன்னல் ஓரம் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்கள், எதிர்ச் சுவரில் அவனுடைய பழைய ஆலைத் தொப்பி.

"ஏன் தோளக் குலுக்குனீங்க?" என்றேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

அவன் உதட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "ஒத்துக்கிட்டா அப்புறம் உனக்கு இந்த ஊர்ல என்னடா வேலை இருக்கு? பஞ்சர் ஒட்டுறதா?"

செத்துக்கொண்டிருக்கும்போதும் புத்தி மாறவில்லை. எழுந்தேன். என் சட்டையைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் நின்றேன்.

"அந்த ஆரஞ்ச எடு" என்றான். "அந்தக் கை இல்லடா. நொட்டாங்கை. அன்னைக்கு அந்த மூலையில எறிஞ்ச மாதிரியே, மெதுவா, அந்தத் தொப்பியப் பாத்து எறி. ஓட்டை வழியா ஒழுங்காத் தெரியல. இன்னொரு தடவ பாக்குறேன்."