கம்பியோடு போன அண்ணன்

போன வருடம் மழை விட்டு, எங்கள் குப்பத்துச் சாலையில் ஏறி நின்ற பழவேற்காடு ஏரித் தண்ணீர் வடிந்த சமயத்தில் நடந்தது இது.

எங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும் வண்டி. பந்தாவுக்கு வாங்கியதில்லை. முகத்துவாரத்தில் படகு தள்ளும்போது என் கணவரின் இடது கால் இரண்டு படகுகளுக்கு நடுவே நசுங்கிவிட்டது. அதன் பிறகு அந்தக் காலுக்குக் கிளட்ச் மிதிக்கும் பலம் வரவில்லை. படகில் நிற்கவும் முடியவில்லை. கட்டிலில் படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி வெளியே அனுப்பியது இந்த வண்டிதான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, சவாரிக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே ஆயுத பூஜையில் என் முதல் பொட்டு காருக்குத்தான்.

விபத்து நடந்தபோது அதில் ஒரு படகின் இன்ஜினைப் பிடித்திருந்தவன் என் அண்ணன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று எங்களுக்குள் முறை உண்டு; பாடு என்போம். எங்கள் வீட்டுப் பாடு வரும்போதெல்லாம் அவருக்குப் பதிலாக அண்ணன்தான் போவான். மீனை வாசலில் இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் நழுவிவிடுவான். எங்கள் காரில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

ஒருநாள் காலையில் காரைக் கிளப்பினால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பொன்னேரியிலிருந்து மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு கியர் ஆயில் ஓடும் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, ஆயில் ஒழுகிப் போயிருந்தது. குழாயை மாற்றினார், ஆயில் மட்டும் ஊற்றவில்லை. இந்த மாதிரி வண்டிகளுக்கு வண்டிக்கு வண்டி ஆயில் வேறாம். பல ஆயில் சிவப்பாகத்தான் இருக்குமாம். நிறத்தை நம்பி ஊற்றினால் கியர் பெட்டியே போய்விடுமாம். இது பழைய மாடல், எந்த ஆயில் என்று விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை வேறு எதையும் ஊற்றாதீர்கள் என்றார். வண்டி போனால் மனிதர் திரும்பக் கட்டிலில் விழுந்துவிடுவாரே.

எங்கள் குப்பத்தில் ஒருவர் இன்ஜின் நின்றுபோனால், மற்றவர்கள் தங்களிடம் இருக்கும் ஆயிலைக் கேனோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கூப்பிடவே வேண்டாம். காருக்கும் அப்படியே வந்தார்கள். ஒவ்வொருவரையும் கெஞ்சித் திருப்பி அனுப்புவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கடைசியில் அண்ணன் வந்தான், மூடிகூடத் திறக்காத கேனோடு.

"இன்னாமா பார்த்துனு நிக்கிற? பானட்ட தொற. என் போட்டு இன்ஜினுக்கே இன்னும் ஊத்தல, புது ஆயிலு."

"வாணாம்ணா. இதுக்கு வேற ஆயிலாம். மாத்தி ஊத்தினா வண்டி அவ்ளோதானாம்."

"நான் கொண்ணாந்து ஊத்தினாகூட கெட்டுப்பூடுமா?"

பானட்டின் மேல் கையை விரித்து நின்றேன். அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பானட்டைத் திறந்த என் கணவர் தெருவே கேட்கக் கத்தினார். கியர் ஆயில் அளவு பார்க்கிற நீளமான கம்பியைக் காணோம்! "எவன்டா அது, நண்டு வளை நோண்ட என் வண்டி கம்பிதான் கெடச்சுதா?" என்று குப்பத்தையே ஏசினார். வீடு வீடாகத் தேடினோம். அண்ணனும் ஊரில் இல்லை. படகு கரையில் கிடக்கிறது, போன் வீட்டில் கிடக்கிறது. "சட்டை போட்டுனு போச்சு, எங்கன்னு சொல்லல" என்றாள் அண்ணி.

பொழுது சாயும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து அண்ணன் இறங்கினான். ஒரு கையில் சீல் உடைக்காத ஆயில் பாட்டில்கள். நெஞ்சோடு அணைத்தபடி, துண்டில் சுற்றிய கம்பி.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான். "வலை கிழிஞ்சா இன்னா பண்றோம் மாப்ள? ஒரு துண்ட அறுத்துனு போயி கடையில குடுக்கறோம், கண்ணி பார்த்து அவனே எடுத்துத் தரான். ஆயில அறுக்க முடியுமா? அதான் ஆயிலு ஒட்டின கம்பிய எடுத்துனு போனேன்."

பொன்னேரிக் கடைகளில் சிரித்திருக்கிறார்கள். அங்கேயே ரயிலேறி, சென்னையில் உதிரிபாகத் தெருவில் கடை கடையாக நீட்டியிருக்கிறான். ஒரு கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் கம்பியை வாங்கி, அதன் பிடியில் படிந்திருந்த அழுக்கைத் துணியால் தேய்த்தாராம். உள்ளே ஆயிலின் வகை பொறித்திருந்தது. நாங்கள் யாருமே அதைத் துடைத்துப் பார்த்ததில்லை. அந்த முகம் தெரியாத மனிதர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அதே வகையைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொன்னதும், "அதேதான், நானும் இப்பதான் விசாரிச்சேன்" என்றார்.

மறுநாள் அவரே வந்து ஊற்றினார். இன்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அண்ணன் கொண்டுவந்த கம்பியை விட்டு அளவு பார்த்தார். வண்டி பூ மாதிரி நகர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் வழக்கம்போல் நழுவப் பார்த்தான். என் கணவர் முன் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு மச்சான். அன்னிக்கி அலை அப்படி. நீ இன்னா பண்ணுவ?"

அண்ணன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தான். வண்டி ஏரிக்கரைப் பக்கம் திரும்பும் வரை, அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன்.

இப்போதும் அந்தக் கம்பியை உருவித் துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: என் அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது, ஆனால் அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலேறிப் போனானே, அதற்கு மேல் ஒரு மன்னிப்பு எங்களுக்கு எதற்கு?