தட்டாத கண்ணாடி

வளைத்த ஆள்காட்டி விரலின் கணுவால் ஒரு தட்டு. முள் சற்றே நடுங்கி நிற்கிறது. அடுத்ததற்கு நகர்கிறார். காலைக் காபிக்கு முன் சுவரில் தொங்கும் நாற்பத்தொரு அழுத்தமானிகளையும் தட்டிவிட வேண்டும் அவருக்கு.

கொதிகலன் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடம். மூடிப்போன ஆலைகளிலும் உடைத்த கப்பல்களிலும் அலைந்து சேர்த்தவை இவை. பித்தளை விளிம்புகளை மட்டும் பழைய பனியனால் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்திருக்கிறார். தெருவில் அவருக்கு டக்டக் சார் என்று பெயர். டாக்டரின் ரத்த அழுத்தக் கருவியைக்கூடத் தட்டிவிட்டுத்தான் கையை நீட்டுவார். "முள்ளு சிக்கிக்கும் டாக்டர். நம்பக் கூடாது." "சார், எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்," என்பார் டாக்டர்.

நாற்பத்திரண்டாவது ஒன்று மூலையில் தூசியோடு தொங்குகிறது. முள் ஏழில் நிற்கிறது. அதை மட்டும் தட்டுவதில்லை.

தன் வீட்டோடு வந்து இருக்கும்படி அழைத்த மகள் போன வாரம் சொல்லிவிட்டாள். "ஒரே ஒரு பெட்டிதான்ப்பா. உங்களுக்கு ஒரு கட்டில் போடறதுக்கே அலமாரிய வராண்டாவுக்குத் தள்ளியிருக்கேன்." பழம்பொருள் கடைக்காரர் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். இன்ஜினியரைப் பார்த்தே பழகிக்கொண்டு, தானும் தட்டித் தட்டிச் சரிபார்த்தார். மூலைக்கு விரலை நீட்டியபோது இன்ஜினியர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"காத்து இல்லாமயே ஏழு காட்டுதே சார். கெட்டுப்போன சாமான். இதையா வச்சுக்கப் போறீங்க?"

"இதை மட்டும்தான்."

கடைக்காரர் போன பிறகு, அதை மட்டும் ஏன் தொட விடவில்லை என்று மகள் கேட்டாள். அவர் காலியான ஆணிகளைப் பார்த்தபடி சொன்னார்.

"ஏழுன்னு பார்த்தேன், ஏழுன்னு எழுதினேன். உள்ள பதினொண்ணு இருந்திருக்கு. ஒரு தட்டு தட்டியிருந்தா முள்ளு ஏறியிருக்கும். ஒரு கையில பேனா. இன்னொரு கையில டீ. கொதிகலன் அடுப்பு பார்த்துக்கிட்டிருந்தவன் கொடுத்த டீ. அரை மணியில குழாய் பிச்சுக்கிச்சு. நீராவி முழுக்க அவன் மேல. மூணு நாள் கிடந்தான்."

"உங்க மேல தப்பில்லன்னு விசாரணையில எழுதிட்டாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்களேப்பா."

"எழுதினாங்க. முள்ளு சிக்கியிருந்துச்சு, அவர் என்ன பண்ணுவாருன்னு. தட்டிப் பார்த்தியான்னு ஒருத்தரும் கேக்கல."

"அப்ப இதை ஏன் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"பழைய இரும்புல போட்டுட்டாங்க. அப்பவும் ஏழுலயே நின்னுச்சு. ரெண்டு கையிலயும் ஏந்தி நடந்தே கொண்டுவந்தேன். ஒரு தட்டு விழுந்தா பூஜ்யத்துக்கு இறங்கிடும். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடும்மா."

 மகள் கொண்டுவந்திருந்த அட்டைப்பெட்டியை மடித்து ஓரமாக வைத்தாள்.

மறுநாள் அவள் கார் ஓட்ட, பின் இருக்கையில் அவர் அமர்ந்தார். மடியில் நான்காக மடித்த துண்டு, அதன் மேல் அது. முதல் வேகத்தடை வந்தது. மகள் வண்டியை கிட்டத்தட்ட நிறுத்தியே ஏற்றினாள். அப்படியும் அவர் அதை இரண்டு கைகளாலும் மடியிலிருந்து தூக்கி, பின் சக்கரமும் இறங்கும்வரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.