'நாங்க' என்று எழுதியதால் வந்த வினை

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வெல்டிங் ரோபோக்களுக்கு புரோகிராம் எழுதுகிறேன். சொந்த ஊர் விருதுநகர். தனித்திறமை உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் வெளிநாட்டு வேலை விசாவுக்கு விண்ணப்பித்திருந்தேன். 'இந்தச் சாதனைகளில் உங்கள் பங்கு என்ன?' என்று கேட்டுக் கடிதம் வந்தது.

என்னோடு அதே உற்பத்தி லைனில் வேலை செய்யும் பிள்ளைப்பாக்கம் செல்வியிடம் விண்ணப்பத்தைக் காட்டினேன்.

"இன்னாக்கா இது? பக்கத்துக்குப் பக்கம் 'நாங்க செஞ்சோம்'னு எழுதிகினு கீறே! லைன் நின்னப்போ நீ ஒண்டியாதானே சரி பண்ணே?"

"'நான்'னு எழுதினா திமிருன்னு நினைப்பாகளே புள்ள!"

"ம்க்கும்! விசா உனக்கா, லைனுக்கா?"

நல்லவேளை, ரோபோ புரோகிராமில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நான் கையெழுத்திட்ட தாள்கள் கோப்பில் இருந்தன. நிறுவனத்தின் அனுமதியோடு அவற்றை இணைத்து, எல்லா 'நாங்க'வையும் 'நான்' ஆக்கி அனுப்பினேன். போன வாரம் விசா கிடைத்துவிட்டது! லைன் முழுக்க இனிப்பு கொடுத்தேன்.

இப்போதெல்லாம் ஷிப்ட் மீட்டிங்கில் "யார் சரி செய்தது?" என்று கேட்டால், "நான்தான் சார்" என்கிறேன். செல்வி செய்திருந்தால், "செல்விதான் சார்." தப்பு நடந்தால் மட்டும் பழையபடி 'நாங்க'தான்!