நீலத் தாள் வரும்வரை

ரொட்டித் துண்டுகளை மேஜைமேல் செங்குத்தாக நிறுத்தி, நாலு பக்கமும் தட்டித் தட்டி, ஓரம் சமமான பிறகுதான் சித்தி வெண்ணெயை எடுக்கிறாள். துவைத்த துண்டுகளுக்கும் இதே மரியாதைதான். சீட்டாட உட்கார்ந்து, கட்டைக் கையில் கொடுத்துக் கலைக்கச் சொன்னால், ஓரம் தட்டி அடுக்கி அப்படியே திருப்பித் தருவாள்.

"கலைக்கத்தான் சித்தி கொடுத்தேன்."

"கலைஞ்சு கெடக்குறதைப் பாத்தா எனக்குக் கை அரிக்குதுடா."

அந்தக் கை அரசு அச்சகத்தில் மடிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறது. சட்டசபையில் யார் எந்த மசோதாவைக் கொண்டுவந்தாலும், அது முதலில் சித்தியின் மேஜைக்கு வந்தாக வேண்டும். அச்சாகி வரும் பெரிய தாளை மடித்து, ஓரம் தட்டி, முதுகில் இரண்டு கம்பித் தையல் போட்டு அனுப்புவாள். வாடகைக்குக் குடியிருப்பவர்களைக் காப்பாற்றும் மசோதா, தெருநாய்களுக்கு ஊசி போடும் மசோதா, உயரமான கட்டடங்களில் தீயணைப்புப் படி வைக்கச் சொல்லும் மசோதா, எல்லாம் அவள் விரல் பட்டுத்தான் சபைக்குள் நுழைகின்றன. ஆனால் ஒன்றையும் படிக்க மாட்டாள். "படிச்சா மடிக்க முடியாது. மடிச்சா படிக்க நேரம் இருக்காது. எனக்கு மடிக்கத்தான் சம்பளம்" என்பாள். படிப்பை நடுவழியில் இறக்கிவிட்டு வந்தவன் என்கிற முறையில் இந்தக் கொள்கை எனக்கு மிகவும் பிடிக்கும்.

படிக்காமலே ஒரு மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அச்சகத்தில் அதற்கொரு வழக்கம் உண்டு. புதிதாகச் சபைக்குப் போகும் மசோதா வெள்ளைத் தாளில். குழு உட்கார்ந்து அலசித் திருத்தி அனுப்பினால் மஞ்சள். சபை கைதூக்கி நிறைவேற்றிவிட்டால் நீலம். வெள்ளை நிறையப் போகும், மஞ்சள் கொஞ்சம் வரும், நீலம் எப்போதாவது எட்டிப் பார்க்கும். நீலக் கட்டு மேஜைக்கு வந்தால் சித்தி யார் என்ன என்று கேட்காமல், "யாருக்கோ விடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் மடிக்க ஆரம்பிப்பாள்.

அவளுக்கும் ஒரு மசோதா இருக்கிறது. அரசுப் பணியில் உள்ள கணவன் மனைவியரை, துறை வேறானாலும், ஒரே ஊரில் பணியமர்த்த வழி செய்யும் மசோதா. பெயர் சபையில் இதைவிட இரண்டு வரி நீளம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'சேத்துவெக்கிற மசோதா'.

சித்தப்பா மலைக்கு அப்பால் ஓர் அணைக்கட்டில் மதகு திறப்பவர். மழைக்காலத்தில் அவரால் நகர முடியாது. மழை இல்லாத காலத்தில் சபை கூடும், சித்தியால் நகர முடியாது. கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததைவிட ஒரே போனில் இருந்ததுதான் அதிகம். அவருடைய துறையிலிருந்து இந்த ஊருக்கு மாற்றல் கிடையாது, இவளுடைய துறைக்கு அந்த மலையில் அச்சகம் கிடையாது. யாராவது ஒருவர் வேலையை விட்டுவிடலாமே என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

"விடலாம். யாரு விடறது?" என்பாள் சித்தி. "அதைப் பேசப்போயிதான் எங்களுக்கு மொத சண்டையே வந்துச்சு. போன்ல சண்டை போட்டா சமாதானம் ஆகறதுக்கும் போன்தான். அதுல ஒண்ணும் சொகம் இல்ல."

என் அம்மா, சித்திக்கு அக்கா, சுற்றி வளைக்க மாட்டாள். "உனக்கு வயசு அப்படியே உக்காந்திருக்காடி? ஒரு குழந்தை குட்டின்னு பாக்க வேணாமா?"

"மசோதா வரட்டும்க்கா."

"சபையில கை தூக்கினா இங்க தொட்டில் ஆடுமா?"

"ஆள் வந்தாத்தானே ஆடும்" என்று சித்தி சொல்ல, அம்மா என் பக்கம் திரும்பி, "உனக்கென்ன இங்க வேலை, போடா வெளிய" என்பாள். நான் அடுத்த அறைக்குப் போய் இன்னும் தெளிவாகக் கேட்பேன்.

சாயங்காலம் அடுப்பு பற்றவைத்ததும் போன் வரும். சித்தி அதை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்குவாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சலாக இருக்கும்.

"தண்ணி சத்தம் கேக்குதா?"

"கேக்குதுங்க."

"மூணு மதகு தொறந்திருக்கு."

"நேத்து ரெண்டுதானே?"

"நேத்து ராத்திரி மேல நல்ல மழை."

அவர்களுடைய காதல் பேச்சு இதுதான். இதற்குமேல் இனிப்பாக எதையும் நான் கேட்டதில்லை; கேட்கவில்லை என்பதற்கு என் முயற்சிக் குறைவு காரணமில்லை. ஒருநாள் மலையில் செல்போன் கோபுரம் பழுதாகிப் போன் வரவில்லை. சித்தி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக் குழாயைப் பாதி திறந்துவிட்டு, "சித்தி, சித்தப்பா லைன்ல இருக்காரு" என்றேன். கரண்டி பறந்து வரும் என்று வாசல் பக்கம் ஒரு காலை வைத்துத் தயாராகத்தான் நின்றேன். அவள் கரண்டியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "மூடுடா, தண்ணி வீணாகுது" என்றாள்.

அவளுடைய மசோதா ஒருமுறை வெள்ளையாகப் போய், மஞ்சளாகத் திரும்பி, சபையின் ஆயுளே முடிந்துவிட்டதால் கூடவே செத்துப்போனது. தேர்தல் நடந்து புதுச் சபை வந்து, யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தூசு தட்டி மறுபடி வெள்ளையில் கொண்டுவந்தார். அது விவாதத்துக்கு வந்த அன்று சித்தி அரைநாள் லீவு போட்டுப் பார்வையாளர் மாடத்துக்குக் கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் என் பையைச் சோதித்த காவலர் உள்ளேயிருந்த ரப்பர் பல்லியை எடுத்து வைத்துக்கொண்டார், இன்றுவரை தரவில்லை.

மேலேயிருந்து பார்த்தால் எல்லா உறுப்பினர்கள் முன்னாலும் சித்தி தைத்த வெள்ளைப் புத்தகம் இருந்தது. ஒருவர் அதால் விசிறிக்கொண்டிருந்தார். ஒருவர் அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினார். "பாரு, அந்தாளு அவ்வளவு வீசுறாரு, தையல் பிரியல பாரு" என்று சித்தி என் விலாவில் இடித்தாள். ஓர் உறுப்பினர் எழுந்து, கணவனும் மனைவியும் தனித்தனி ஊரில் இருப்பதால்தான் பல குடும்பங்களில் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறது, அதைக் கெடுக்க வேண்டாம் என்றார். சபையே மேஜையைத் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். சித்தியும் சிரித்தாள், ஜோக்கில் குற்றம் சொல்ல முடியாது. சிரித்து முடித்தபின் மடியிலிருந்த பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். மசோதா குழுவுக்கு அனுப்பப்பட்டது.

அதற்கப்புறம் அவள் காத்திருந்தது மஞ்சளுக்கு. வந்ததோ நீலம்.

கூட்டத்தொடரின் கடைசி வாரம் அச்சகம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். எல்லா மசோதாவும் எனக்கு முன்னால் உனக்கு முன்னால் என்று முண்டும். அந்த அமளியில் தள்ளுவண்டியில் ஒரு நீலக் கட்டு சித்தியின் மேஜைக்கு வந்து இறங்கியது. வழக்கம்போல, "யாருக்கோ விடிஞ்சி..." என்று ஆரம்பித்தவள் மசோதாவின் எண்ணைப் பார்த்தாள். அந்த எண் மட்டும் அவளுக்குத் தாளைத் தொட்டாலே தெரியும். மீதியை எப்போதும்போலப் படிக்கவில்லை. வராண்டாவுக்கு ஓடிப் போன் போட்டாள்.

"ஏங்க! நீலம் வந்துருச்சுங்க!"

"நெசமாவா?"

"கையில வெச்சிருக்கேங்க! எம்மேசையில இருக்கு!"

சித்தப்பா மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. அச்சகத்தின் வழக்கம் அவருக்கும் மனப்பாடம். பொறியாளரிடம் லீவு சொல்லிவிட்டு, கட்டிலைப் பக்கத்து அறைக்காரருக்கும் அடுப்பைக் காவல்காரருக்கும் கொடுத்துவிட்டு, வளர்த்த கோழியை எதிர்வீட்டில் ஒப்படைத்துவிட்டு, தகரப் பெட்டியோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இங்கே மேஜையில் நடந்தது வேறு. கிடங்கில் மஞ்சள் தாள் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளையில் அடித்தால் பழையதோடு கலந்துவிடும் என்று, குழுவிலிருந்து திரும்பிய அந்த மசோதாவைப் போர்மேன் நீலத்தில் ஓட்டச் சொல்லியிருந்தார். சித்தி இனிப்பு வாங்கக் காசு நீட்டியபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"ஏம்மா, முன்பக்கத்துல கொட்டை எழுத்துல 'குழுவின் அறிக்கையுடன்'னு போட்டிருக்கேன். படிக்கலையா நீ?"

"இத்தனை வருஷத்துல நான் எதைண்ணே படிச்சேன்?" என்றாள் சித்தி.

திரும்பப் போன் போட்டாள். அதற்குள் பஸ் மலைக்குள் நுழைந்துவிட்டது. அங்கே கோபுரமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. போர்மேன் வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் போகவில்லை. உட்கார்ந்து கட்டு முழுவதையும் மடித்து, தட்டி, தைத்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள். அந்தப் பிரதிகளில் ஒன்றாவது கோணலாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. சபையோ வேறு ஏதோ சண்டையில் நேரத்தைத் தொலைத்துவிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமலே அன்று சாயங்காலமே கூட்டத்தொடரை முடித்துக்கொண்டது.

பஸ் நிலையத்துக்கு அவளோடு நானும் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று என்னிடம் ஒத்திகை பார்த்தாள். நான் சித்தப்பாவாக நடித்தேன். மூன்று விதமாக அழுது காட்டினேன். மூன்றாவதற்கு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஸ் வந்தது. முதலில் தகரப் பெட்டி இறங்கியது, பின்னால் அவர் இறங்கினார்.

"ஏங்க, அந்தத் தாளு..."

"தெரியும்."

"எப்படி?"

"வழியில டீக்கடையில ரேடியோ பாடிச்சு. சபை முடிஞ்சுபோச்சு, நம்ம மசோதா பேரையே எடுக்கலன்னுட்டான். அப்பவே எனக்குப் புரிஞ்சுது, நீ எதையோ பாத்து ஏமாந்திருக்கேன்னு."

"அப்போ அங்கயே எறங்கித் திரும்பியிருக்கலாமே?"

"திரும்புனா ஏத்தம்" என்றார் சித்தப்பா. "இந்தப் பக்கம்னா எறக்கம். வண்டி சும்மா உருண்டு வந்துருச்சு."

சித்தி அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையை உடனே எடுக்கவில்லை.

லீவு தீரும்வரை சித்தப்பா வீட்டில் இருந்தார். ஒழுகாத குழாய்களையெல்லாம் கழற்றிச் சரிசெய்தார். அதன்பிறகு அவை ஒழுக ஆரம்பித்தன. கீழ்வீட்டு அக்கா, தெருவில் 'செய்தி நிலையம்' என்று புகழ்பெற்றவள், படியில் நின்று கூவினாள்: "என்னம்மா, மாப்பிள்ளை ஒரேயடியா வந்துட்டாரா?"

"வந்திருக்காரு" என்றாள் சித்தி. ஒரேயடியா என்பதை மட்டும் பிய்த்து எறிந்துவிட்டாள்.

சாப்பிடும்போது அவர் எதிரே உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னடி பாக்குறே?" "ஒண்ணும் இல்ல. சத்தம் இல்லாம இருக்கீங்க." தண்ணீர் இரைச்சல் இல்லாமல் அவர் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது போலும். அவர் தூங்கியபின் ஃபேனை நிறுத்திவிட்டு அவர் மூச்சைக் கேட்டாள் என்று அம்மா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, இதையெல்லாம் உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று என் தலையிலேயே குட்டினாள்.

ஒருநாள் சித்தி அவரிடம் மெல்லக் கேட்டாள். "போனா எல்லாத்தையும் திருப்பி வாங்கணுமே?"

"கட்டிலைக் குடுத்துருவான். அடுப்பையும் குடுத்துருவான். கோழியைத்தான் கேக்க முடியாது. அன்னிக்கே அடுப்புல ஏத்திட்டானுங்களாம்."

"அடுத்த கூட்டத்தொடர்ல எப்படியும்..."

"ஆமா, அடுத்ததுல எப்படியும்" என்று அவர் முடித்தார்.

அவர் திரும்பிப்போன மத்தியானம் பஸ் நிலையத்தில் புழுதியாகக் காற்றடித்தது. தகரப் பெட்டியை நான்தான் மேலே ஏற்றினேன். சித்தப்பா ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டார், ஆனால் கண்ணாடி இறங்க மறுத்தது. இரண்டு கையாலும் தள்ளினார். கண்டக்டர் வந்து ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டு, "அது அப்படித்தான் சார்" என்று போய்விட்டார். கண்ணாடி முழுக்க வழியெல்லாம் வாரிவந்த மண். உள்ளே ஓர் உருவம் இருப்பது தெரிந்தது. அது சித்தப்பா என்பதை நம்பிக்கையின் பேரில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏதோ சொன்னார், வாய் அசைந்தது.

"என்ன சொல்றாருடா?" என்றாள் சித்தி.

"மூணு மதகுன்னு சொல்றாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குதிகாலை உயர்த்தி நின்று, முந்தானையை இழுத்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு ரூபாய் அளவு, பிறகு ஒரு தட்டு அளவு. அதற்குள் அவர் நெற்றியும் ஒரு கண்ணும் வந்தன. பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. சித்தி கையை எடுக்கவில்லை. கூடவே நடந்து, பிறகு கொஞ்சம் வேகமாக நடந்து, இன்னொரு கண் இருக்கும் பக்கத்தைத் துடைத்துக்கொண்டே போனாள்.