பன்னிரண்டு பெட்டிகளும் ஒரு முழங்காலும்

எல்லோருக்கும் அவர் வெடிக்காரர். இருபத்தெட்டு வருடம் குழி தோண்டி வெடி வைத்து, பாறைக்கடியில் என்ன இருக்கிறது என்று பூமியை மிரட்டிக் கேட்டவர். இப்போது அந்தப் பேச்சே இல்லை. கடலலையும் லாரிகளும் மண்ணுக்குள் ஓயாமல் கிளப்பும் மெல்லிய அதிர்வே போதுமாம். அதைப் பதிவு செய்யும் பன்னிரண்டு பெட்டிகளைப் புதைத்துவிட்டு, முப்பது நாள் பக்கத்தில் போகாமல் சும்மா இருக்க வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அதிர்வு போகும் வேகத்தை வைத்து, அடியில் சூடான பாறை எங்கே என்று இன்ஜினியரம்மா படம் போட்டுவிடுவார். அந்தச் சூட்டில்தான் மின்சாரம் எடுக்கப் போகிறார்கள்.

சும்மா இருப்பதுதான் அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். இந்த வேலை சொதப்பினால் மிச்சக் காலம் கிடங்கில்தான் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். காற்றுகூட நுழையாத அறை அது. பெட்டிகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் தாங்காமல், தினமும் காலை பத்து மணிக்கு, முழங்கால் வலிக்கும் இடது காலை இழுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் மண்ணைத் தட்டிக்கொடுப்பார், எறும்பை விரட்டுவார், ஏழாம் பெட்டியருகே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். பிள்ளை பெற்றவள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

முப்பத்தோராம் நாள் இன்ஜினியரம்மா அவரை அழைத்துத் திரையைக் காட்டினார்.

"இதப் பாருங்க. தினமும் பத்து மணிக்கு ஏதோ ஒண்ணு பெட்டி பெட்டியா நடந்து போகுது. ஒரு அடி பலமா விழுது, ஒரு அடி லேசா விழுது."

வெடிக்காரர் திரையருகே குனிந்தார். "எல்லாம் கெட்டுப்போச்சாம்மா?"

"இல்ல. அந்த நேரத்த மட்டும் வெட்டிட்டேன், படம் நல்லா வந்திருக்கு. ஆனா ஏன் வெட்டினேன்னு அறிக்கையில எழுதணுமே."

இன்ஜினியரம்மா ஒரே வரி தட்டி, அச்செடுத்து நீட்டினார்: 'இடையூறு: தினமும் வந்துபோன நொண்டி மாடு.'

"அடுத்த தடவ மாடு வீட்லயே இருக்கணும்," என்றார்.

பிழைத்தோம் என்ற நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் கொட்டினார். மனைவி அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு உங்கள எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஒரு மாசம்."

"கெட்டிக்காரிதான்," என்றாள். "இதக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு."