ஆள் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும்

வயசுப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து மனசு விட்டுப் பேசச் சொல்லும் வேலையில், பேச்சைவிட நாற்காலி தூக்குவதுதான் அதிகம். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். தி.நகருக்கும் அடையாறுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். முழங்கால் போனதும், மயிலாப்பூரில் எங்கள் பங்குச் சாமியார் மாதா கோயில் ஹால் சாவியைக் கொடுத்து, "சனிக்கிழமை சாயந்திரம் பிள்ளைங்க கூட்டத்தைப் பார்த்துக்க" என்றார். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா போய்ச் சேர்ந்த வருஷம் அது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் மனுஷக் குரல் காதில் விழும்.

எங்கே இறங்கணும்?

முதல் கூட்டம். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் நிவேதா எழுந்து, "நான் ஷேர் பண்றேன்" என்றாள். எனக்குத் தெரிந்த ஷேர் ஒன்றுதானே? வாய் பழக்கத்தில், "எங்கேம்மா, அடையாறா?" என்று கேட்டுவிட்டேன். ஹாலே சிரித்தது. கறிக்கடைக்காரர் பையன் கிஷோர்தான் விளக்கினான்:

"இன்னா தாத்தா நீ, அது மனசுல கீறத சொல்லப் போவுது. நீ ஒண்ணும் இறக்கி வுட வேணாம்."

பன்னிரண்டு நாற்காலி

ஷேர் ஆட்டோவில் ஆள் நிரம்பாமல் வண்டி எடுக்கமாட்டோம். அந்தப் புத்தி போகவில்லை. இரண்டாவது சனிக்கிழமை பன்னிரண்டு நாற்காலியை வட்டமாகப் போட்டுவிட்டு, நிரம்பட்டும் என்று வாசலில் போய் நின்றுகொண்டேன். உள்ளே நாலு பேர் செல்போனைத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வாரமும் அதையேதான் செய்தேன்.

சாமியார் கூப்பிட்டு, டான்ஸ் கிளாஸ்காரர்கள் ஹாலைக் கேட்கிறார்கள், வருகிற சனிக்கிழமையும் கூட்டம் நடக்காவிட்டால் கொடுத்துவிடுவேன் என்றார். வீட்டுக்கு நடக்கும்போது வழியில் நிவேதாவைப் பார்த்தேன். அவள் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது:

"வந்த நாலு பேரும் ஆளில்லையா தாத்தா?"

மழை நாள்

நாலாவது சனிக்கிழமை நல்ல மழை. வந்தது நிவேதா ஒருத்திதான். வாசலுக்குப் போகக் கால் துருதுருத்தது. போகவில்லை. பத்து நாற்காலியை ஓரம் கட்டிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். கடையில் நாள் முழுக்க நின்றபடி சிரிப்பதை, ஹாஸ்டல் அறையில் ஆறு பேர் இருந்தும் பேச ஆளில்லாததைச் சொன்னாள். சொல்லி முடித்து, "இப்ப நீங்க" என்றாள்.

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் சொன்னேன். ஸ்டெல்லா போனபிறகு, சில நாள் ஷேர் ஆட்டோ பிடித்து அடையாறு வரைக்கும் போய், இறங்கி, அடுத்த வண்டியில் திரும்பி வருவேன். அங்கே ஒரு வேலையும் கிடையாது. பக்கத்தில் நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காருவார்கள் இல்லையா, அதற்காகத்தான்.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சாமியார் குடையோடு எட்டிப் பார்த்து, கூட்டம் நடக்கிறதா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"நடக்குது ஃபாதர், தாத்தா இப்பத்தான் ஏறியிருக்காரு."

ஹால் இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது, நாற்காலி தூக்கத்தான் ஆள் சேர்ந்தபாடில்லை.